மிட்டாய் டப்பாவில் ஒரு ஃபியூஸ்

அத்தியாயம் 9

ஷஹ்பாஸைக் கொன்றது பாட்டு என்று ஊர் முடிவு கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தவள் அவன் மனைவி நஜ்மா.

அதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருக்கலாம். மாமியார் கமருன்னிஸா அவள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்குவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒரே வீடு, ஒரே அடுப்படி. தாகம் எடுத்தால் அவரே எழுந்து போய் மொண்டுகொள்வார். முட்டிவலிக்காரர். எழுந்திருக்கும்போது அவர் வாயிலிருந்து வரும் முனகலை நஜ்மா எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அது அவள் பெயரைச் சொல்வதுபோலவே இருந்தது.

நடந்தது இதுதான். ஜூன் கடைசி வியாழக்கிழமை, பகல் மூன்றரை மணி. குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் காருக்குப் புது சவுண்ட் சிஸ்டம் மாட்டிக்கொண்டு அய்யம்பேட்டைக்குத் திரும்பிய ஷஹ்பாஸ், ஆற்றங்கரைச் சாலையில் மதகுக்கு அருகே காரோடு உள்ளே போனான். பார்த்தவர் ஒரே ஒருவர்: நஜ்மாவின் அண்ணன் ஹபீப் முகம்மது. ஷஹ்பாஸ் தன்னை ஏற்றிக்கொள்ள வருவான் என்று மதகடியில் காத்திருந்தவர். "பாட்டு காதைக் கிழிக்குது. கை காட்டுறேன், கத்துறேன், வளைவு வளைவுன்னு அலறுறேன். எதுவும் அவன் காதுல ஏறல" என்று அவர் சொன்னதைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். ஜமாத்தில் கேட்டுக்கொண்டார்கள். ஆற்றில் குதித்து மச்சானை வெளியே இழுத்துப் போட்டவரும் அவர்தான். சொட்டச் சொட்ட நனைந்து கரையில் உட்கார்ந்திருந்த அவருக்கு ஊரே துண்டு கொடுத்தது.

நஜ்மா நான்கு மாதம் பத்து நாள், விதவைக்குரிய துக்கக் காலமான இத்தாவில் இருந்தாள். வாசல் தாண்டவில்லை. எல்லாவற்றையும் அடுத்தவர் வாயால்தான் கேட்டாள். இத்தா முடிந்து கிளை நூலக வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் கேட்டதை மாற்றிச் சொல்ல யாரும் வரவில்லை. கடைசியில் அவளே ஜெயபாரதியைத் தேடிப் போனாள்.

ஜெயபாரதி பதினாறு வருஷம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய வண்டியைச் சுற்றி வந்தே ஓட்டியவனின் குணத்தைச் சொல்லிவிடுவார் என்று பேர். இப்போது தஞ்சாவூரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். உதவிக்கு ஃபாஜில் பாய். ஐம்பத்திரண்டு வயது, ஷார்ஜாவில் கார் சாமான் கடையில் பதினோரு வருஷ அனுபவம், முன்னால் வந்து நிற்கும் தொப்பை, அதற்கும் முன்னால் வந்து நிற்கும் வாய்.

அந்த வாய்தான் இப்போது காரை ஓட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்தப் போட்டோவை இன்னும் எத்தனை தடவை பார்ப்பீங்க? போன் வெட்கப்படுது."

ஜெயபாரதி நஜ்மாவின் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஷஹ்பாஸ் கடைசியாக அனுப்பிய செய்தி. கடையில் கொடுத்த துண்டுச் சீட்டின் படம், அதன் கீழே அவன் தட்டிய ஒரு வரி: 'வாங்கிக் குடுத்தவ வராம எப்படி? நீயும் வா.'

"நஜ்மா, இந்த வரியை நீங்க எத்தனை தடவை படிச்சிருப்பீங்க?"

"கணக்கே இல்ல மேடம்."

"சீட்டை?"

சீட்டை அவள் படித்ததே இல்லை. புருஷன் எழுதியதை விட்டுவிட்டு யாராவது கடைக்காரன் எழுதியதைப் படிப்பார்களா?

"'கேட்டுப் பார்க்க. சனி காலை பதினொண்ணு. ஆள் கட்டாயம் வரணும்.' இப்படிப் போட்டிருக்கு. வியாழக்கிழமை வேலை முடிஞ்சு பாட்டு அலறிக்கிட்டுப் போன வண்டியில, சனிக்கிழமை வந்து கேட்டுப் பார்க்க என்ன இருக்கு?"

"ஷார்ஜாவுல நாங்க பார்க்காததா மேடம்? வேலை முடிஞ்ச வண்டிக்குத்தான் மறுபடி மறுபடி வேலை இருக்கும்" என்றபடி ஃபாஜில் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு கடை முன்னால் பிரேக்கை மிதித்தார்.

கடைக்காரர் சிங்காரவேலு ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். வெளியே பஸ் ஹாரன் அடித்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஹாரன் நின்ற பிறகுதான் கையை எடுத்து வணக்கம் சொன்னார். நஜ்மா யாரென்று ஜெயபாரதி சொன்னதும், சொன்ன வணக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவள் உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க?"

"பை-ஆம்ப் பண்ணிக் குடுங்கன்னு கேட்டாரும்மா. இவங்க வாங்கிக் குடுத்த காம்போனென்ட் ஸ்பீக்கர் செட்டு, அதை நல்லபடியா பாட வைக்கணும்னாரு."

"எனக்கு வண்டி நசுங்குறது தெரியும், பாடுறது தெரியாது. புரியற மாதிரி சொல்லுங்க."

"வயல் இருக்கா உங்களுக்கு?"

"திருவையாத்துப் பக்கம். குத்தகைக்கு விட்டிருக்கு."

"அப்ப சுலபம். ஒரே வாய்க்கால்ல வர்ற தண்ணியை மடையில பிரிச்சு மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் விடறோம். என்ன ஆகும்? பள்ளம் இழுத்துக்கும், மேடு காயும். இந்தச் செட்டும் அப்படித்தான். கதவுல பெரிய வூஃபர், அது கட்டைக் குரல். கண்ணாடி ஓரத்துல சின்ன ட்வீட்டர், அது கீச்சுக் குரல். நடுவுல கிராஸ்ஓவர்னு ஒரு பெட்டி, அதுதான் மடை. பை-ஆம்ப்னா ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டிடறது. ஆம்ப்ளிஃபையர்ல நாலு சேனல். ரெண்டு ட்வீட்டருக்கு, ரெண்டு வூஃபருக்கு. அதது தண்ணி அததுக்கு."

"நாலு சேனலா?" என்றார் ஃபாஜில். "எங்க வீட்டுல ஒரே சேனல். அதுக்கும் ரிமோட் என் கையில இல்ல."

சிங்காரவேலு சிரிக்கவில்லை. "வாய்க்கால் ரெட்டிச்சா வயரும் ரெட்டிக்கும். பெட்டி ஒண்ணை டிரைவர் சீட்டுக்கடியில வச்சேன், ஒண்ணைப் பக்கத்து சீட்டுக்கடியில. இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் பத்தல. சனிக்கிழமை வாங்க, போட்டுத் தர்றேன், அதுவரைக்கும் சீட்டை முன்ன பின்ன நகர்த்தாதீங்க பாய், வயர் மாட்டிக்கும்னேன். 'நான் எங்கங்க நகர்த்துறது, என் கால் நீளத்துக்கு சீட்டு எப்பவும் பின்னால கடைசிப் பல்லுலதான்'னு சிரிச்சாரு. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. தேங்காய் ஏலத்துக்குப் பட்டுக்கோட்டை போறதுக்காக விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்தாராம். கடையில கொஞ்சம் படுத்துட்டுப் போங்கன்னேன். கேக்கல."

நஜ்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஷஹ்பாஸ் ஆறடிக்கு மேல் இருந்தான். நிக்காஹ் முடிந்து முதல் மாதத்தில் அவன் நிலைப்படியில் ஏழு தடவை இடித்துக்கொண்டது அவள் நினைவுக்கு வந்தது.

"அப்ப பாட்டு?" என்றார் ஜெயபாரதி. "போகும்போது பாட்டு போட்டுக்கிட்டுப் போனாரா?"

சிங்காரவேலு எழுந்தார். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய மிட்டாய் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னக் காகித உறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். அடியிலிருந்து ஒன்றை உருவி நஜ்மாவின் கையில் வைத்தார்.

நூலகத்தில் தேதி முத்திரை குத்திப் பழகிய கண் முதலில் தேதியைத்தான் தேடியது. அந்த வியாழக்கிழமை. அதற்குக் கீழே 'ஷஹ்பாஸ் பாய், அய்யம்பேட்டை'. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு சின்ன உருளை, இரண்டு முனையிலும் பித்தளைத் தொப்பி.

"ட்வீட்டர் பூஞ்சையான சாமான்மா. அளவா செட் பண்றதுக்கு முன்னாடி எவனாவது வால்யூமை முழுசா திருகினா அரை நிமிஷத்துல கருகிடும். கருக்கிட்டு வந்து என் சட்டையைப் பிடிப்பான். அதனால ஓனர் அவர் சீட்டுல வந்து உக்காரணும். நான் நாலு திருகையும் ஒண்ணொண்ணா திருப்பணும். அவர் போதும்னு சொல்லணும். அதுவரைக்கும் பேட்டரியிலேர்ந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போற ஃபியூஸ் என் டப்பாவுலதான் இருக்கும். இருபது வருஷப் பழக்கம்."

"ஃபியூஸ் இல்லாம?"

"கரண்டே போகாது. எங்கிட்டேர்ந்து போகும்போது அந்த வண்டி ஊமைம்மா."

ஃபாஜில் குனிந்து நஜ்மாவின் கையிலிருந்த உருளையை உற்றுப் பார்த்தார்.

"இதை ஏன் அப்பவே சொல்லல?" என்று நஜ்மா கேட்டாள்.

"சொல்லத்தான் வந்தேன். மறு வாரமே உங்க வாசலுக்கு வந்தேன். உங்க அண்ணன்னு ஒருத்தர் நின்னாரு. தங்கச்சி இத்தாவுல இருக்கு, பார்க்க முடியாது, இந்த வீட்டுல பாட்டுங்கிற பேச்சையே எடுக்காதீங்கன்னாரு. எனக்கும் நியாயமாப் பட்டுது, திரும்பிட்டேன். அவசரப்பட்டு வழியில வேற ஃபியூஸ் வாங்கிப் போட்டுட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். எந்தக் கடையிலயும் கிடைக்கும். நாம அன்னிக்கே முடிச்சுக் குடுத்திருந்தா அளவா கேட்டிருப்பாரேன்னு எனக்கும் உறுத்தல்தான். இந்த ஃபியூஸைத் தூக்கிப் போட மனசு வரல."

"வேற ஃபியூஸ் போட்டாரா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"ஹோல்டர் மேல மஞ்சள் டேப் சுத்தி, நுனியில தேதி போட்டிருப்பேன். போட்டிருந்தா டேப் கிழிஞ்சிருக்கும்."

ஜெயபாரதி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வண்டி எங்க இருக்கு, நஜ்மா?"

வண்டி அய்யம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் பின்கொட்டகையில் கிடந்தது. விற்க நஜ்மாவுக்கு மனம் இல்லை. வாங்க வந்தவர்களுக்கும் தைரியம் இல்லை. போகும் வழியெல்லாம் சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் வைக்கோல் கட்டுகள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. நஜ்மா உறையை முந்தானையில் முடிந்து, முடிச்சை விடாமல் பிடித்திருந்தாள்.

ஃபாஜில் பானெட்டைத் தூக்கினார். காய்ந்த வண்டல் பொரியாகப் பெயர்ந்து விழுந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் விரலால் தடவினார். துடைத்தார். ஊதினார்.

மஞ்சள் டேப்.

சுற்றின சுற்று கலையவில்லை. நுனியில் மங்கலாக அதே தேதி. ஜெயபாரதி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்ட பிறகு பிளேடால் கீறினார். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரு துளி ஆற்று மண்கூட உள்ளே போகவில்லை.

"கார் பாடலம்மா" என்றார் ஃபாஜில். "சத்தியமா பாடல."

நஜ்மா சிரித்தாள். அதற்கே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியில் விக்கலாகி, கண்ணில் முடிந்தது. நான் இல்லை. நான் வாங்கிக் கொடுத்தது இல்லை. ஓடிப்போய் மாமியாரிடம் இந்த மஞ்சள் டேப்பைக் காட்ட வேண்டும் போலிருந்தது. கொட்டகையின் வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

அங்கேதான் கால் நின்றது.

கார் பாடவில்லை என்றால், பாடியது என்று சொன்னவர்?

"வேற வண்டிச் சத்தமா இருந்திருக்கும் மேடம்" என்றாள் திரும்பாமலே. "டிராக்டர்காரங்க போட்டுக்கிட்டுப் போவாங்க. அண்ணன் பதட்டத்துல..."

"இருக்கலாம்" என்றார் ஜெயபாரதி. அந்த 'இருக்கலாம்' நஜ்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஃபாஜில் பாய், டிரைவர் சீட்டுல கொஞ்சம் உக்காருங்க."

ஃபாஜில் ஒரு காலை உள்ளே விட்டார். பிறகு பாதி உடம்பை. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மீதியை. ஸ்டியரிங் அவர் தொப்பையில் பதிந்தது, முட்டி டேஷ்போர்டில் இடித்தது.

"மேடம், ஏறிட்டேன். இறங்குறதுக்குத் தனியா ஒரு கேஸ் எடுக்கணும்."

"சீட்டைப் பின்னால தள்ளுங்க."

"தள்ளுறேன், வரல. பசை போட்ட மாதிரி இருக்கு."

ஜெயபாரதி தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தார். நஜ்மாவும் குனிந்து பார்த்தாள். சீட்டுக்கடியில் சிங்காரவேலு வைத்த பெட்டி குப்புறச் சாய்ந்து கிடந்தது. ரெட்டை வயர்க் கொத்தை சீட்டின் தண்டவாளம் கவ்வி, முன்பக்கம் இழுத்துப் போயிருந்தது. இழுத்த இழுப்பில் பெட்டி குறுக்கே விழுந்து, சீட்டு திரும்பிப் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. சீட்டு நின்ற இடம், முன்பக்கத்திலிருந்து இரண்டாவது பல்.

"ஆறடி ஆள் இந்த இடுக்குல உக்காந்து வண்டி ஓட்ட முடியாது. சீட்டை நகர்த்தாதேன்னு கடைக்காரர் வேற சொல்லியிருக்காரு. கடையை விட்டுக் கிளம்பின பிறகு யாரோ குட்டையான ஒரு ஆள் சீட்டை முன்னால இழுத்துப் போட்டு உக்காந்திருக்காங்க."

"தண்ணிக்குள்ள இறங்கித் தூக்கினவங்க தள்ளியிருந்தா?"

"மூழ்கினவனைத் தூக்க வர்றவன் சீட்டைப் பின்னால தள்ளுவான் நஜ்மா. முன்னால இழுத்து ஸ்டியரிங்ல நசுக்க மாட்டான்." ஜெயபாரதி எழுந்து சேலையைத் தட்டிவிட்டார். "அன்னிக்கு ஷஹ்பாஸ் எந்த சீட்டுல இருந்து எடுக்கப்பட்டாருன்னு யாராவது சொன்னாங்களா?"

சொன்னார்கள். இடதுபக்க சீட்டிலிருந்து. கார் வலதுபக்கமாகச் சாய்ந்து கிடந்தது, அதனால் வெளியே வர அந்தப் பக்கம் தாவியிருக்கிறான் என்று விளக்கமும் சொன்னார்கள். சொன்னது அண்ணன்.

அண்ணன் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். மதரஸாவில் எப்போதும் முதல் வரிசை.

ஹபீப் முகம்மது வீட்டுக் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. மேலே அவர் பெயரும் துபாய் முகவரியும். விபத்து நடந்த பத்தாம் நாளே பறந்தவர், விடுமுறையில் வந்திருந்தார். திங்கட்கிழமை மறுபடி பயணம்.

"வா நஜ்மா, வாங்கம்மா, வாங்க பாய். மர்யம், டீ போடு." உள்ளேயிருந்து அவர் மனைவி பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. "என்ன விஷயம்? உன் மாமிக்கு உடம்பு தேவலையா?"

"எல்லாம் நல்லாருக்காங்க" என்றார் ஜெயபாரதி. "ஃபைலை மூடப் போறோம். அதுக்கு முன்னாடி நீங்க பார்த்ததை ஒருக்கா உங்க வாயால கேட்டுக்கலாம்னு."

சொன்னார். மதகு, வளைவு, கை காட்டியது, அலறியது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. நஜ்மா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா மௌத்தான பிறகு இவளைப் படிக்க வைத்த முகம். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் துபாயிலிருந்து போனில் வந்து, 'உன் மேல தப்பில்லம்மா, நீ ஆசையாத்தானே வாங்கிக் குடுத்தே' என்று சொன்ன முகம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அடுத்த வெள்ளிக்கிழமை வரை நீந்தினாள்.

"அண்ணே, கதவுல இருக்கிற பெரிய ஸ்பீக்கர் மட்டும் கேட்டுச்சா, சின்னதும் கேட்டுச்சா?"

ஹபீப் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்தான். பாட்டு வரி வரியாக் கேட்டுச்சு. அவ்வளவு தெளிவு."

நஜ்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, உறையிலிருந்த ஃபியூஸை, தண்ணீர்த் தம்ளர்கள் இருந்த தட்டில் வைத்தாள். அது உருண்டு ஒரு தம்ளரில் இடித்து நின்றது.

"இது என்ன?"

"அந்தப் பாட்டோட குரல்வளை" என்றார் ஃபாஜில். "அன்னிக்கு இது தஞ்சாவூர்ல ஒரு மிட்டாய் டப்பாவுல இருந்துச்சு. இது இல்லாம உங்க மச்சான் வண்டி முக்கக்கூட முடியாது, பாய்."

ஹபீப் சிரிக்கப் பார்த்தார். ஜெயபாரதி போனை நீட்டினார்: கிழியாத டேப், சாய்ந்த பெட்டி, இரண்டாவது பல்லில் நிற்கும் சீட்டு. ஒவ்வொரு படத்துக்கும் அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கழன்றுகொண்டே வந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"நான் மதகுல நிக்கல" என்றார் கடைசியில். "வழியில பசுபதிகோயில் ஊர்லயே ஏறினேன். அவனுக்குக் கண்ணு சொருகிக்கிட்டு வந்துச்சு. நீ ஓட்டுடான்னான். பக்கத்துல சாஞ்சவன் அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டான். எழுப்ப வேணாம்னுதான் நஜ்மா, நான் பாட்டே போடல. புது செட்டு, கை பரபரன்னுச்சு. இருந்தும் போடல."

"போட்டுப் பார்த்திருந்தா பாடாதுன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் ஃபாஜில் தாழ்ந்த குரலில். "வேற பொய் சொல்லியிருப்பீங்க."

"டிக்கெட் வந்துடுச்சான்னு போனைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. நிமிர்ந்தா தண்ணி. கேஸ் ஆனா பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிருப்பாங்க, வேலை போயிருக்கும். எனக்கும் மூணு புள்ளைங்க. அவன் போயிட்டான், இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு..."

"கரையில எவ்வளவு நேரம் நின்னே?"

ஹபீப் தங்கையைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீ வெளியில வந்ததுக்கும், ஆளுங்க ஓடி வந்து பார்க்க நீ குதிச்சதுக்கும் நடுவுல. எவ்வளவு நேரம் அண்ணே?"

அவர் கண் கயிறு கட்டிய பெட்டிகள் பக்கம் போயிற்று. மர்யம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று புருஷனையே பார்த்தாள். டீ கொண்டு வரவில்லை.

"என் மேல தப்பில்லன்னு வாரா வாரம் சொன்னியே" என்றாள் நஜ்மா. "ஊர்ல அது நிஜமாத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். நான் என்னமோ நீ என்னைத் தேத்துறேன்னு நெனச்சேன்."

"நஜ்மா, திங்கக்கிழமை ஃப்ளைட்டும்மா. நான் போய்ச் சேர்ந்ததும் மாமிக்கு நானே போன் பண்ணி, பக்குவமா..."

"போன்ல வேணாம்."

அவள் எழுந்தாள். ஃபாஜில் பக்கம் கையை நீட்டினாள். அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஜெயபாரதியைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். கார் சாவி நஜ்மாவின் கைக்கு வந்தது. அவள் அதை அண்ணன் முன்னால் தட்டில், ஃபியூஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முதல்ல எங்க வீடு. மாமி முன்னாடி நின்னு நீ சொல்லணும். அப்புறம் இவங்க கூட ஸ்டேஷனுக்குப் போ. நீதான் ஓட்டணும். நான் பக்கத்து சீட்டுல உக்கார்றேன். நான் தூங்க மாட்டேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மர்யம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவியை எடுத்தார்.

வாசலில் நின்ற காரில் ஜெயபாரதியும் ஃபாஜிலும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நஜ்மா முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். ஒரு முறை கழற்றிப் பார்த்தாள், உடனே கழன்றது. மறுபடி மாட்டினாள். ஹபீப் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். ஃபாஜிலின் தொப்பைக்காகக் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்த சீட்டு அது. அவர் கால் பிரேக்கை எட்டவில்லை.

யோசிக்காமல் அவர் கை சீட்டுக்கடியில் போயிற்று. பிடியைத் தூக்கி, உடம்பை முன்னால் இழுத்தார்.

கடக், கடக், கடக் என்று பற்கள் தாண்டின. இரண்டாவது பல்லில் சீட்டு நின்றது.

காருக்குள் எல்லோருக்கும் அது கேட்டது. கை இன்னும் சீட்டுக்கடியிலேயே இருக்க, ஹபீப் திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"ஓட்டு" என்றாள் நஜ்மா.